ஒரு பாட்டுக்கு இரண்டு கையொப்பம்

பாட்டுகளுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதுதான் அந்த வருடம் எனக்குத் தரப்பட்ட வேலை. திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக இருந்த ஒரு சிறிய கல்லூரியில், ஊடகக் கற்கைப் பிரிவின் உதவிப் போதனாசிரியராக இருந்தேன். பாடம் எடுக்கத்தான் சேர்ந்தேன். ஆனால் அந்த வருடம் வகுப்பில் நின்ற நேரத்தைவிடத் தட்டச்சுப் பலகையின் முன்னால் இருந்த நேரம் அதிகம்.

சமாதான காலத்தில் எங்கள் பிரிவுக்கு இரண்டு மைக்கும், ஒலி கலக்கும் பெட்டி ஒன்றும், நல்ல கணினி ஒன்றும் கிடைத்திருந்தன. மாணவர்கள் பயிற்சி எடுக்க ஒரு வானொலி வேண்டுமென்று எங்கள் பிரிவுத் தலைவருக்கு நெடுநாள் ஆசை. அலைவரிசை கேட்டு எழுதினால் இந்த ஊருக்குக் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இணையத்தில் தொடங்கலாம் என்றார். எங்கள் கணினியிலிருந்து போகும் ஒலியை வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினி வாங்கி, கேட்க விரும்புகிறவர்களுக்கெல்லாம் அனுப்பும். காற்றில் விடத்தானே அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், ரெலிபோன் வயரில் விட எவரையும் கேட்கத் தேவையில்லை என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

மேல்மாடியில் பழைய வரைபட அறையொன்றைத் தந்தார்கள். சுவரில் பஞ்சு மெத்தைகளைக் கட்டி எதிரொலியை அடக்கினோம். யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தெரியும். திறப்பதில்லை. சண்டை திரும்பவும் தொடங்கியபிறகு, தண்ணீருக்கடியில் எவரும் நீந்தி வந்துவிடக்கூடாதென்று கடற்படை துறைமுகத்துக்குள் வெடி போட்டுக்கொண்டே இருக்கும். யன்னல் மூடியிருந்தாலும் அந்த அதிர்வு மேசை வழியாக மைக்குக்குள் வந்துவிடும். மாணவர்கள் செய்தி வாசிக்கும்போது, அது வந்தால் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத் தொடரப் பழகியிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் மூன்று கிழமையும் சினிமாப் பாட்டுகள்தான். பிறகு அந்த வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒலிபரப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமை பெற்றதற்கான சான்று அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இணைப்பை நிறுத்திவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறதாம். வரிகளும் மெட்டும் எழுதியவருக்கு ஒன்று. பாடிப் பதிவு செய்தவருக்கு மற்றது. இரண்டு பக்கத்திலும் கையொப்பம் வேண்டும்.

தலைவர் அதை இரண்டு முறை வாசித்தார். கிண்ணியாவிலிருந்து தினமும் பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து வருபவர் அவர். விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று களைத்த முகம். “இதை நீங்கள் பாருங்கோ” என்று என்னிடம் தந்தார்.

சென்னையில் இருக்கும் பாட்டு நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒன்றைத் தவிர மற்றவை பதில் போடவில்லை. பதில் போட்ட அந்த ஒன்று பதினான்கு பக்கப் படிவம் அனுப்பியது. அதில் பாதிக் கேள்விகளுக்கு எங்களிடம் விடையே இல்லை. கொழும்பில் இதற்கென்று இருந்த அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். மிகவும் மரியாதையான குரலில் ஒருவர் கதைத்தார். ஹோட்டலில் பாட்டுப் போட, கல்யாண மண்டபத்தில் போட, பஸ்ஸில் போட எல்லாவற்றுக்கும் தங்களிடம் ஒழுங்கு இருக்கிறது, இணையத்துக்கு மட்டும் இல்லை, எழுதிக் கேளுங்கள் என்றார். எழுதிக் கேட்டேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்றைக்கும் அது பரிசீலனையில்தான் இருக்கவேண்டும்.

சினிமாப் பாட்டை விட்டோம். இந்த மாவட்டத்துக்காரர் எழுதி, இந்த மாவட்டத்துக்காரர் பாடிய பாட்டுகளை மட்டும் போடுவோம், கையொப்பம் வாங்க பஸ்ஸில் போனால் போதும் என்று தலைவர் சொன்னார். நான் ஒரு படிவம் தயாரித்தேன். வரிகள், மெட்டு, குரல் என்று மூன்று பெட்டி. ஒவ்வொன்றின் கீழும் பெயர், முகவரி, கையொப்பம். உப்புவெளியில் பக்திப் பாடல் பாடுகிற ஒருவர், அவசரமாகப் போகிற வழியில் ஓட்டோவின் இருக்கையில் வைத்துக் கையொப்பமிட்டுத் தந்தார். கிண்ணியாக் கவிஞர் ஒருவர் மூன்று பாட்டுக்கு அனுமதி தந்துவிட்டு, பாடியவன் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்திருக்கிறான், அதை வெட்டிப்போட முடியுமா என்று கேட்டார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துப் பாட்டுச் சேர்ந்தது. அந்தப் பத்தையும் திருப்பித் திருப்பிப் போட்டோம். பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. எனக்கும்தான்.

அந்த நேரத்தில்தான் அறிவிப்பாளராக இருந்த மாணவி தன் வீட்டு அலுமாரிக்குள் கிடந்த கசெற் ஒன்றைக் கொண்டுவந்தாள். நாடா ஒரு பக்கம் சுருண்டிருந்தது. மறுபக்கத்தில் நாலு பாட்டு. மூன்று சுமார். நாலாவது, மூதூருக்கு ஆளேற்றிக் கடல் கடக்கும் லோஞ்சைப் பற்றியது. ஒரே நாளில் மூன்று தடவை லோஞ்சைத் தவறவிடுகிற ஒருவனின் கதை. முதல் தடவை மீன் விலை கேட்கப் போய், இரண்டாம் தடவை குடையை மறந்து, மூன்றாம் தடவை லோஞ்சில் ஏறி இருந்தும் தண்ணீர் குடிக்க இறங்கி. ஆர்மோனியமும் தபேலாவும் மட்டும். பாடிய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டே பாடுகிறார் என்பது கேட்கும்போதே தெரியும். மூதூரில் சண்டை நடந்து லோஞ்சு நின்று, அங்கிருந்து வந்த சனம் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்த காலம் அது. பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்த அறையில் சிரிப்புக் கேட்டுக் கனநாளாகியிருந்தது. இதைப் போடத்தான் வேணும் மிஸ் என்றார்கள்.

கசெற் உறையில் இரண்டு பெயர். வரிகளும் மெட்டும் ஒரு ஆணுடையது, குரல் ஒரு பெண்ணுடையது. நகரத்தில் முன்பு கசெற்கடை வைத்திருந்தவரிடம் விசாரித்தேன். இருவரும் கணவன் மனைவி என்றார். மனைவி இறக்கக்கண்டியில் பாலர் பாடசாலை நடத்துகிறார், எல்லோரும் ரீச்சர் என்பார்கள். “அவர் இப்ப இல்லை” என்று கணவரைப் பற்றிச் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் எப்படி என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் குறைந்துபோயிருந்தது.

அலுவலகத்துக்கு வந்து படிவத்தைத் தட்டச்சு செய்தேன். போகும்போது நிரப்பியே கொண்டுபோனால் ஒரே நாளில் வேலை முடியும். வரிகள் என்ற பெட்டியிலும் மெட்டு என்ற பெட்டியிலும் அவருடைய பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அடித்தேன். கீழே ‘உரிமையாளர் காலமாகியிருப்பின் வாரிசின் கையொப்பம்’ என்ற வரியில் மனைவியின் பெயரை அடித்தேன். மூன்று நிமிட வேலை.

குச்சவெளி பஸ்ஸில் போனேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபக்கம் வந்து நிற்கும் பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டும். நிலாவெளி தாண்டுவதற்குள் மூன்று தடவை இறங்கி ஏறினோம். இறக்கக்கண்டிப் பாலத்துக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டார்கள். தகரக் கூரைபோட்ட ஒரு கொட்டில்தான் பாலர் பாடசாலை. பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ரீச்சர் சின்னக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பாட்டைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கசெற் இன்னும் எவரிடமாவது இருக்கும் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். தன்னிடம் இருந்தது இடம்பெயர்ந்தபோது போய்விட்டதாம். தேநீர் வைத்துத் தந்தார். நான் படிவத்தை நீட்டினேன்.

மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். ஒரு பக்கம்தான். ஆனால் நான் தேநீரைக் குடித்து முடித்தும் அவர் வாசித்து முடியவில்லை.

“இதை ஆர் அடிச்சது பிள்ளை?”

“நான்தான் ரீச்சர்.”

“அவர் செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

கசெற்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே, அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது.

ரீச்சர் கோபப்படவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் தன் கணவர் சைக்கிளில் நகரத்துக்குப் போனார், சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை என்று மாத்திரம் சொன்னார். யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அந்த நாட்களில் தான் அலைந்த இடங்களை ரீச்சர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. வீடு வீடாக ஆட்களைப் பதிய வரும்போதெல்லாம் குடும்ப விபரத்தில் முதலாவதாக அவருடைய பெயரைத்தான் சொல்வாராம். ஆள் எங்கே என்று கேட்பார்களாம். இப்போது வீட்டில் இல்லை என்பாராம். அவர்கள் அந்தப் பெயரை வெட்டிவிட்டுப் போவார்களாம். அடுத்த தடவை வரும்போது திரும்பவும் சொல்வாராம். மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், எடுத்தால் பல அலுவல்கள் இலேசாகும் என்று கிராம சேவகரும் பல தடவை சொல்லிவிட்டாராம். அவரும் பாவம், அவருக்கும் கோப்பை மூட வேண்டும்தானே என்றார்.

என்னிடம் பேனை கேட்டார். குரல் என்ற பெட்டியில் தன் பெயரை வாசித்துப் பார்த்து, அதன் கீழே ஆறுதலாகக் கையொப்பமிட்டார். பிறகு மற்ற இரண்டு பெட்டியிலும் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லை ஒவ்வொரு கோடு போட்டு வெட்டினார். வாரிசின் கையொப்பம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

“என்ர குரலுக்கு நான் தாறன். மற்றது அவருடையது. அவர் வந்துதான் வைக்க வேணும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் படிவத்தை மடிக்காமல் மடியில் வைத்திருந்தேன். இரண்டாவது சாவடியில் ஒரு சிப்பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தமிழ் தெரியாததால் திருப்பித் தந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரி ஒன்றுமில்லை. பெரிய களைப்பொன்று வந்தது. மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்கப்போய் இப்படி ஒரு வேலை செய்தேனே என்ற களைப்பு.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிலைமையை விளக்கி எழுதினேன். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, இறந்ததற்கும் சான்று இல்லை, மனைவி தன் பங்குக்கு அனுமதி தந்திருக்கிறார், இதை ஏற்க முடியுமா? இரண்டு நாளில் பதில் வந்தது. உரிமையாளரின் கையொப்பம், அல்லது அவர் இறந்திருந்தால் சான்றிதழின் பிரதியோடு வாரிசின் கையொப்பம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்று இரண்டு வகை ஆட்களைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

சும்மா போட்டுவிடுவோம், கேட்பது ஏழெட்டுப் பேர்தானே என்றார்கள் மாணவர்கள். தலைவரிடம் போனேன். மூதூரிலிருந்து வந்த உறவினர் பதினொரு பேர் அப்போது அவருடைய வீட்டில் இருந்தார்கள். நித்திரை இல்லாத கண்ணோடு படிவத்தைப் பார்த்தார்.

“நீங்களே ஒரு கையெழுத்தைப் போட்டு விடுங்கோ. அங்க இருக்கிறவனுக்கு மூதூர் லோஞ்சைத் தெரியுமா, இந்த ஆளைத் தெரியுமா?”

“ஏலாது சேர்.”

“ஏன் ஏலாது?”

நான் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. பாதைக்கு நேரமாகிறது என்று பையை எடுத்தார். அவர் போனபிறகு ஒரு கடதாசித் துண்டில் பாட்டெழுதிய அந்த மனிதரின் பெயரைக் கையொப்பம் மாதிரி எழுதிப் பார்த்தேன். இதை நான் எங்கும் சொன்னதில்லை. முதலெழுத்தைச் சாய்த்து, கடைசி எழுத்தை இழுத்து. நன்றாகத்தான் வந்தது. அது அவ்வளவு இலேசாக வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை அவரைத் தட்டச்சில் சாகடித்தவள், இப்போது உயிர்ப்பித்து அனுமதி வாங்குவதா? கிழித்துப் போட்டேன். இதில் பெரிய நேர்மை ஒன்றுமில்லை. ரீச்சர் கேட்டால் என்ன சொல்வேன் என்ற யோசனைதான்.

பாட்டைப் போட முடியாது என்பதை நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வீதியைப் பூட்டி, பஸ் ஓடாமல் ஒன்றரை மாதம் போய்விட்டது. திரும்பப் போனபோது ரீச்சர் பிள்ளைகளுக்குச் சத்துமாக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் குடித்து முடித்துக் கோப்பைகளைக் கழுவ ஓடியபிறகுதான் கேட்டார்.

“கதைக்கிறதுக்கும் அவருடைய கையெழுத்து வேணுமே?”

“இல்லை ரீச்சர். கதைக்க ஒண்டும் வேண்டாம்.”

“அப்ப நான் வந்து கதைக்கிறன்.”

ஒரு சனிக்கிழமை காலை வந்தார். வாயிலில் இருந்த காவலறைக்கு அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முதல்நாளே கொடுத்து வைத்திருந்தேன். அப்படியிருந்தும் அரை மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். படியேறி வந்ததும் மெத்தை கட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் தாங்கள் பதிவு செய்தது ஒரு வீட்டுக் குசினியில், காகம் கரையாத நேரம் பார்த்துப் பாட வேண்டியிருந்தது என்று மாணவியிடம் சொன்னார்.

மைக்குக்கு முன்னால் இருந்ததும் அவர் வேறொரு ஆளாகிவிட்டார். அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று சொன்னார். கல்யாணமான புதிதில் மூதூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக இருவரும் புறப்பட்டார்களாம். ரீச்சர் லோஞ்சில் ஏறிவிட்டார். கணவர் கரையில் நின்று யாரோடோ கதை. லோஞ்சு வெளிக்கிட்டுவிட்டது. ரீச்சர் தனியாக மூதூர் போய்ச் சேர்ந்து, உன்ர மாப்பிள்ளை எங்கே என்று கேட்ட சனத்துக்கெல்லாம் வெட்கத்தோடு பதில் சொல்லி, மாலையாகும்போது கடைசி லோஞ்சில் அவர் வந்து இறங்கினாராம், கையில் பாதிப் பாட்டோடு. மிச்சப் பாதியைக் கல்யாண வீட்டுப் பந்தலில் இருந்து எழுதினாராம். “எனக்குக் கோவம். அவர் பந்தலுக்குள்ள இருந்து மெட்டுப் போடுறார்” என்று ரீச்சர் சொன்னபோது மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இடையில் துறைமுகத்துக்குள் வெடி போட்டார்கள். மேசை அதிர்ந்தது. ரீச்சர் நிறுத்தி, மாணவியைப் பார்த்து, அவள் தலையாட்டியதும் தொடர்ந்தார்.

கடைசியில் மாணவி, நான் சொல்லாமலே, இரண்டு வரி பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து, வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

“பாடலாம் மகள். வரி அவருடையதெல்லோ. அவர் வரட்டும், அவரைக் கேட்டுப்போட்டுப் பாடுறன்.”

அவ்வளவுதான். இருபது நிமிடப் பதிவு. அடுத்த நாள் ஒலிபரப்பினோம். கேட்பவர்களின் எண்ணிக்கை திரையில் தெரியும். அன்றைக்கு ஒன்பது. அதில் இரண்டு நாங்கள். எங்காவது இருக்கிற யாராவது ரீச்சரின் கணவரைக் கண்டதாக எழுதுவார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. ரீச்சருக்கும் இருந்திருக்கும். ஒரேயொரு மின்னஞ்சல் வந்தது, எந்த நாட்டிலிருந்து என்று தெரியவில்லை. பாட்டைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்தீர்கள், பாட்டைப் போட்டிருக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். பதில் எழுதத் தொடங்கி, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் வானொலி நின்றது. யாரும் நிறுத்தவில்லை. வயர் அறுந்து, திருத்த ஆள் வராமல், வந்த ஆளை உள்ளே விடாமல், மூன்று மாதம் இழுபட்டு, அதற்குள் அந்த நிறுவனம் எங்கள் கணக்கை மூடிவிட்டது. மாணவர்கள் சோதனை எழுதிவிட்டுப் போனார்கள். தலைவர் இடமாற்றம் கேட்டுப் போனார். நான் மெத்தைகளைக் கழற்றி, யாருக்காவது உதவட்டும் என்று மூதூர்ச் சனம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அனுமதிப் படிவங்களை ஒரு கோப்பில் போட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். எந்தப் பிரிவில் வைப்பது என்று கேட்டார்கள். சங்கீதம் என்று ஒரு பிரிவு அங்கே இல்லை. ‘ஏனையவை’யில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் ரீச்சரிடமிருந்து கல்லூரிக்கு அழைப்பு வந்தது. மட்டக்களப்பில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, அங்கே போய்க் கொஞ்சக் காலம் நிற்கப் போகிறேன் என்றார். புது முகவரியைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். பிறகு அந்தப் படிவம் இன்னும் இருக்கிறதா, கையெழுத்து வைக்க ஏதும் கால எல்லை இருக்கிறதா என்று கேட்டார்.

கால எல்லை ஒன்றும் இல்லை ரீச்சர், எப்போது வந்தாலும் வைக்கலாம் என்றேன். வானொலி நின்றதை நான் சொல்லவில்லை. ரீச்சர் சந்தோசம் என்றார். மட்டக்களப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். காலை ஆறரைக்கு ஒன்று, ஆனால் இப்போது ஓடுகிறதோ தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ் நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்து விசாரித்தேன். ஓடுகிறது, சீற் கிடைக்க நேரத்தோடு வரவேண்டும் என்றார்கள். திரும்ப ரெலிபோன் எடுத்து அதை ரீச்சருக்குச் சொன்னேன்.